நைலின் மூலம், இரண்டு நண்பர்கள், ஒரு திரைப்படம்

ஜூன் 2, இரவு 9.40 (வாசகர் ஒருவரின் கேள்வி)

பாப் ராஃபெல்சன் 1990இல் இயக்கிய 'மவுண்டன்ஸ் ஆஃப் த மூன்' படத்தை நேற்றுதான் பார்த்தேன். பிரிட்டிஷ் படை அதிகாரிகளான ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் ஹானிங் ஸ்பீக்கும் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் சென்ற கதை. ஸ்பீக் நல்லவர், ஆனால் மனவுறுதி இல்லாதவர் என்றும், லாரன்ஸ் ஆலிஃபன்ட் என்ற எழுத்தாளர் இடையில் புகுந்து பொய் சொல்லி நட்பைக் கெடுத்துவிட்டார் என்றும் படம் சொல்வதாகத் தோன்றியது. உண்மையில் நடந்தது இதுதானா, அல்லது ஸ்பீக் தெரிந்தே துரோகம் செய்தாரா?

ஜூன் 3, காலை 6.15

இரண்டும் இல்லை என்பது என் முடிவு. ஆலிஃபன்ட் ஸ்பீக்கின் காதில் எதையோ ஓதியிருக்கலாம். ஆனால் ஓதுவதற்கு முன்பே அந்தக் காது கசந்துபோயிருந்தது. இருவருக்கும் நடுவே விழுந்த விரிசல் 1859இல் லண்டனில் தொடங்கியதன்று. 1855இல் சோமாலியக் கடற்கரையில், பெர்பெரா என்ற ஊரில் ஓர் இரவில் தொடங்கியது. அந்தத் தாக்குதலைப் படமும் காட்டுகிறது. ஆனால் அதை வீரக் கதையின் முதல் காட்சியாகக் கடந்துவிடுகிறது. எனக்கோ அது இந்த நட்பின் மொத்தக் கணக்கும் எழுதப்பட்ட முதல் பக்கமாகத் தெரிகிறது. விரிவாக இரவில் எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு 10.20

1855 ஏப்ரல் 19 அதிகாலை. நைல் பயணத்துக்கு முந்தைய சோமாலியப் பயணம் அது. பெர்பெராவுக்கு வெளியே கூடாரம் அடித்திருந்த பர்ட்டன், ஸ்பீக், ஸ்ட்ரோயன், ஹெர்ன் என்ற நான்கு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளைச் சோமாலியர் பெருங்கூட்டமாகச் சூழ்ந்தனர். ஸ்ட்ரோயன் கொல்லப்பட்டார். ஹெர்ன் காயமின்றித் தப்பினார். பர்ட்டனின் ஒரு கன்னத்தில் பாய்ந்த ஈட்டி மறு கன்னத்தின் வழியே வெளிவந்தது. ஈட்டி செருகிய முகத்தோடு அவர் கடற்கரையை அடைந்தார். ஸ்பீக் பிடிபட்டுக் கட்டப்பட்டார். அவரைக் காவல் காத்தவனே ஈட்டியால் குத்தத் தொடங்கியபோது, தொடைகளில் துளைபட்ட நிலையிலும் எழுந்து ஓடிக் கரைசேர்ந்தார். அவர் உடலில் பதினோரு காயங்கள் இருந்தன.

சண்டையின் நடுவே, கற்கள் வந்து விழுவதைப் பார்த்து ஸ்பீக் கூடாரத்தின் பக்கம் ஓரடி பின்வைத்தார். பின்வாங்காதே, நாம் ஓடுவதாக நினைத்துவிடுவார்கள் என்று பர்ட்டன் குரல் கொடுத்தார். போர்க்களத்தில் ஒரு தலைவர் கூறும் சாதாரணக் கட்டளை அது. சொன்னவருக்கு மறுநாள் நினைவில்கூட இருந்திருக்காது. கேட்டவர் அதை ஒன்பது ஆண்டுகள் சுமந்தார். 1864இல் வெளியிட்ட நூலில் அந்தச் சொற்களையும், அவை தம்மை எவ்வளவு சுட்டன என்பதையும் ஸ்பீக் எழுதியிருக்கிறார்.

அத்துடன் முடியவில்லை. 1856இல் பர்ட்டன் தம் சோமாலியப் பயண நூலை வெளியிட்டபோது, ஸ்பீக்கின் நாட்குறிப்பைத் தம் நடையில் சுருக்கிப் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டார். ஸ்பீக் சேகரித்த விலங்கு, பறவை மாதிரிகளோ கல்கத்தாவின் ஆசியக் கழக அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தன. ஸ்பீக்குக்கு வேட்டையும் சேகரிப்புமே உயிர். பர்ட்டனுக்கு அவை அடுத்தவரின் பொழுதுபோக்கு. பர்ட்டனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. தம்மினும் ஆறு வயது இளையவர், தாம் தலைமையேற்ற குழுவின் உறுப்பினர் என்ற உரிமையில் எடுத்துக்கொண்டார். அந்த உரிமையைத் தாம் ஒருபோதும் வழங்கவில்லை என்பதே ஸ்பீக்கின் குமுறல்.

ஜூன் 4, பிற்பகல் 1.05

ஆப்பிரிக்க ஆய்வுப் பயணியும் மதபோதகருமான லிவிங்ஸ்டனும் பர்ட்டனும் சட்டைகளைக் கழற்றித் தழும்புகளை ஒப்பிடும் படக்காட்சியை வாசகர் ஒருவர் மெச்சியிருந்தார். காட்சி அருமையானது என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தோழமை முழுக்கவும் படைப்பாளர்களின் கற்பனை. லிவிங்ஸ்டன் பர்ட்டனின் ஒழுக்கத்தையும் ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய அவர் எழுத்தையும் கடுமையாக வெறுத்தவர். அவருடைய கடிதங்கள் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றன. ஸ்பீக்கின் முடிவுகளையும் அவர் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 6, இரவு 11.30

ஆலிஃபன்ட்தான் காரணம் என்று இன்னும் இருவர் எழுதியிருப்பதால், காலவரிசையை வைத்துச் சொல்கிறேன்.

நைலின் மூலத்தைத் தேடி 1857 ஜூனில் சான்சிபாரிலிருந்து புறப்பட்டவர்கள் நவம்பர் 7இல் கஸே என்ற அரபு வணிகர் நிலையத்தை அடைந்தனர். இன்றைய தான்சானியாவின் தபோரா அது. 1858 பிப்ரவரி 13இல் தாங்கனிக்கா ஏரி கண்ணுக்குத் தென்பட்டது. கண்ணுக்கு என்று எழுதும்போதே வருத்தம் உண்டாகிறது. ஏனெனில் கண்நோயால் ஸ்பீக்குக்கு அப்போது ஒரு மங்கல் ஒளியே தெரிந்தது. பர்ட்டன் காய்ச்சலால் கால் முடங்கித் தூளியில் தூக்கிவரப்பட்டவர். ஒருவரால் நடக்க முடியவில்லை, மற்றவரால் பார்க்க முடியவில்லை. ஐரோப்பியர் எவரும் அதுவரை கண்டிராத ஏரியின் முன் இருவரும் அப்படித்தான் நின்றார்கள்.

கஸேவுக்குத் திரும்பியபின் பர்ட்டன் அங்கேயே தங்கி அரபு வணிகர்களிடம் செய்தி சேகரித்தார். பார்வை தேறிய ஸ்பீக் வடக்கே இன்னும் பெரிய ஏரி உண்டு என்ற பேச்சைத் தொடர்ந்து சென்றார். 1858 ஆகஸ்ட் 3இல், இன்றைய முவான்சாவுக்கு அருகில் ஒரு குன்றின் மேலிருந்து அந்தப் பெருநீரைக் கண்டு, அதற்கு விக்டோரியா என்று பெயரிட்டார். சில நாட்களே அங்கு இருந்தார். வடகரையைக் காணவில்லை, வெளியேறும் ஆற்றையும் காணவில்லை. ஆனாலும் நைலின் மூலம் இதுவே என்று உறுதிகொண்டார். ஆகஸ்ட் 25இல் கஸேவுக்கு வந்து காலை உணவின்போது அதைப் பர்ட்டனிடம் சொன்னார். சான்று எங்கே என்று பர்ட்டன் கேட்டார்.

அதன்பின் நடந்ததைப் பர்ட்டனே தம் 1860ஆம் ஆண்டு நூலில் எழுதுகிறார். சில நாட்களுக்குள், ஏரி, நைல், அந்தக் கண்டுபிடிப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் மனத்தாங்கல் உண்டாகும் என்ற நிலை வந்துவிட்டதாம். ஆகவே இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்களாம். எதற்காக உயிரைப் பணயம் வைத்து வந்தார்களோ, அதைப் பற்றி வாய்திறக்காமலே மாதக்கணக்கில் அடுத்தடுத்த கூடாரங்களில் உறங்கிக் கடற்கரைவரை திரும்பியிருக்கிறார்கள்.

1858 அக்டோபரில் ஸ்பீக் கடும் நோயில் விழுந்தார். நெஞ்சிலும் விலாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பு பாய்வதைப் போன்ற வலியும், இழுப்பும், பிதற்றலும் சேர்ந்திருந்தன. பர்ட்டன் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். அந்தப் பிதற்றலில்தான் பெர்பெராவின் சொல்லும், நாட்குறிப்பும், மாதிரிகளும் எல்லாம் கொட்டித் தீர்க்கப்பட்டன. தம் நண்பர் இத்தனையையும் மனத்தில் வைத்திருந்தார் என்பதைப் பர்ட்டன் முதன்முதலாக அறிந்தது அப்போதுதான். ஆலிஃபன்ட் இந்தப் பயணக்கதைக்குள் வருவது 1859 ஏப்ரலில், இவர்கள் நாடு திரும்பும் வழியில், ஏடன் துறைமுகத்தில். தேதிகளைப் பாருங்கள், வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஜூன் 7, காலை 7.00

வண்டு காதுக்குள் புகும் காட்சி உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மைதான், எழுதிவைத்தவர் ஸ்பீக்கே. தாங்கனிக்கா ஏரியில் ஒரு தீவில் தங்கிய இரவில், புயலுக்குப்பின் ஏற்றிய விளக்கைத் தேடி வந்த வண்டுகளில் ஒன்று காதுக்குள் நுழைந்து செவிப்பறையைக் குடையத் தொடங்கியது. உருக்கிய வெண்ணெயை ஊற்றினார், பயனில்லை. பேனாக்கத்தியின் முனையால் குத்தினார். வண்டு இறந்தது, காதும் புண்ணாயிற்று. முகம் கோணி, மெல்ல முடியாமல், பல நாட்கள் கஞ்சியே உணவாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகும் வண்டின் கால், இறக்கைத் துண்டுகள் காதழுக்கோடு வந்தன. மூக்கைச் சிந்தினால் காதில் விசில் ஒலி கேட்டதாம்.

ஜூன் 7, இரவு 9.50

ஆற்று நீர் அளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், படம் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இருவரின் பிணக்கு குணங்களின் பிணக்கு மட்டுமன்று. ஓர் ஆற்றை எப்படி அறிவது என்பதிலும் அவர்கள் வேறுபட்டார்கள்.

தாங்கனிக்காவின் வடமுனையில் ரூசிசி என்ற ஆறு இருக்கிறது. அது ஏரியிலிருந்து வெளியேறினால் ஏரி நைலின் மூலமாக இருக்கலாம். ஏரிக்குள் விழுந்தால் அந்தக் கனவு போயிற்று. 1858 ஏப்ரலில் இருவரும் தோணியில் ஊவிரா வரை சென்றார்கள். அங்கே கேட்டவர்கள் எல்லாரும் ஆறு உள்ளே வருகிறது என்றார்கள். தோணிக்காரர்கள் அஞ்சி மேலே செல்ல மறுத்துவிட்டதால் அவர்களால் நேரில் பார்க்க முடியவில்லை. நாணலும் மணல்திட்டும் மண்டிய முகத்துவாரத்தில், காற்று மேல்நீரை எதிர்ப்பக்கம் தள்ளும் நாளில், கரையிலிருந்து பார்த்து ஓட்டத்தின் திசையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆண்டு முழுக்கக் கரையில் வாழ்கிறவர் சொல்வதை அதனால்தான் நாங்கள் முதலில் எழுதிக்கொள்வோம்.

பர்ட்டன் அப்போது மனமுடைந்தாலும் அந்தச் செய்தியை ஏற்றார். ஆனால் ஸ்பீக்குக்கு எதிராகப் பொதுவெளியில் வாதிட வந்தபோது, 1864இல், ரூசிசி வெளியேறும் ஆறுதான் என்ற பக்கம் சாய்ந்தார். ஊர்க்காரர் வாக்கை யாரினும் அதிகமாக மதித்த மனிதர், பகையின் சூட்டில் தாம் கேட்டதையே கைவிட்டதை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை.

ஸ்பீக்கின் பக்கம் வேறு விதமானது. நல்ல கருவிகள் வழியிலேயே கெட்டுப்போயின. குளியல் நீரின் சூட்டைப் பார்க்கும் சாதாரண வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து உயரம் கணக்கிட்டார். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அரை டிகிரி தவறினால் கணக்கு 150 மீட்டர் தவறிவிடும். தாங்கனிக்காவுக்கு அவர் கண்ட உயரம் சுமார் 1,850 அடி. உண்மை உயரம் 2,500 அடிக்கும் மேல். விக்டோரியாவுக்குச் சுமார் 3,740 அடி என்றார். அது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே பர்ட்டன் கேட்ட கேள்விகள் அறிவியல் முறைப்படி சரியானவை, ஸ்பீக் சொன்ன விடையோ புவியியல்படி சரியானது. 1871இல் லிவிங்ஸ்டனும், அவரைத் தேடிச் சென்ற ஸ்டான்லியும் ரூசிசி ஏரிக்குள் விழுவதைக் கண்டார்கள். 1875இல் ஸ்டான்லி விக்டோரியா ஏரியைப் படகில் சுற்றிவந்து, அது ஒரே ஏரி என்பதை உறுதிசெய்தார்.

ஒரு திரைப்படம் வெப்பமானியை வைத்துக் கதை சொல்ல முடியாது என்பீர்கள். ராஃபெல்சனால் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தப் படத்தில் நோயும் சேறும் அவ்வளவு பொறுமையாகக் காட்டப்பட்டிருக்கின்றன.

ஜூன் 9, இரவு 10.45

ஏடன் வாக்குறுதியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பர்ட்டன் சொல்வது இது: உடல் தேறும்வரை தாம் ஏடனில் தங்கியபோது, நீங்கள் வரும்வரை இராயல் புவியியல் கழகத்துக்குப் போகமாட்டேன், இருவரும் சேர்ந்தே போவோம் என்று ஸ்பீக் விடைபெறும்போது சொன்னார். ஸ்பீக் சென்ற கப்பலில் ஆலிஃபன்ட்டும் பயணம் செய்தார். 1859 மே 8இல் ஸ்பீக் இங்கிலாந்தை அடைந்தார். உடனே, பயணத்துக்கு ஆதரவளித்த அந்தக் கழகத்தின் தலைவர் ரோடரிக் முர்ச்சிசனைச் சந்தித்தார். மே 21இல் பர்ட்டன் வந்து சேர்ந்தபோது அடுத்த பயணமும் ஸ்பீக்குக்கே என்று ஏற்பாடாகிவிட்டது. அந்த ஆண்டில் கழகத்தின் தங்கப் பதக்கம் பர்ட்டனுக்குக் கிடைத்தது உண்மை. ஆயினும் அது முடிந்துபோன பயணத்துக்கான மரியாதை. வரப்போகும் பயணம் கைநழுவிவிட்டது.

இந்த வாக்குறுதிக்குச் சான்று பர்ட்டனின் எழுத்து மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். 1872இல், ஸ்பீக் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து அச்சேறியது அது. நான் அதை நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, நிறுவப்பட்டது என்பது வேறு.

என் பணிக்காலத்தில் நானும் ஒரு நண்பரும் ஒரே கூடாரத்தில் தங்கி, ஒரே அளவுகோலை மாறிமாறிப் பிடித்து ஓர் ஆய்வறிக்கை தயாரித்தோம். அச்சில் வந்தபோது அவர் பெயர் மட்டும் இருந்தது. பெயர் விடுபட்டதைக்கூடப் பொறுத்திருப்பேன். அதை அவர் வாயால் கேட்காமல் வேறொருவர் மேசையில் கிடந்த பிரதியைப் பார்த்து அறிந்ததைப் பொறுக்க முடியவில்லை. நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லை. அதனால்தான் மே 21ஆம் தேதிப் பர்ட்டனின் பக்கம் என் மனம் சாய்கிறது. ஆனால் 1856இல் அச்சான புத்தகத்தைப் புரட்டிப் பின்னிணைப்பில் தம் நாட்குறிப்பை வேறொருவர் நடையில் கண்ட ஸ்பீக்கை நினைக்கும்போது அதே மனம் அவர் பக்கமும் சாய்கிறது. வெளியேயிருந்து வந்த ஒரு பொய்யனிடம் பழியைப் போடும்போது படம் இந்தச் சமநிலையைத்தான் இழக்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே காயத்தைத்தான் கொடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் 10, காலை 6.40

பணத்தையும் மறக்கக் கூடாது. அரசு கொடுத்தது 1,000 பவுன். செலவு அதைத் தாண்டிப்போயிற்று, தாண்டியதில் பாதியை ஸ்பீக் தரவேண்டும் என்று பர்ட்டன் கேட்டுக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். ஒப்பந்தத்தை மீறினார்கள், வழியில் கைவிட்டு ஓடினார்கள் என்று சொல்லிப் பர்ட்டன் சுமையாட்களில் பலருக்கு ஊதியம் மறுத்திருந்தார். ஸ்பீக் இதைச் சான்சிபாரின் பிரிட்டிஷ் தூதர் ரிக்பியிடம் எடுத்துச் சொல்ல, அரசிடமிருந்து பர்ட்டனுக்குக் கண்டனம் வந்தது. ஸ்பீக்கின் நோக்கம் நீதியா பழிவாங்கலா என்று கேட்டால், இரண்டும் கலந்திருந்தன என்பேன். ஆனால் துணிச்சுமையும் மணிச்சுமையும் தூக்கி நடந்தவர்களுக்குக் கூலி பாக்கி இருந்தது என்பது எந்த நோக்கத்தாலும் மாறாத உண்மை.

ஜூன் 12, இரவு 10.10

நைல் பயணத்தில் ஸ்பீக்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த சிடி பாம்பேயைப் பற்றி யாரும் கேட்காதது எனக்கு வருத்தமளிக்கிறது. யாவோ இனத்தில் பிறந்து, சிறுவயதில் அடிமை வேட்டையில் பிடிபட்டு, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். எசமானர் இறந்தபின் விடுதலை பெற்று ஆப்பிரிக்கா திரும்பினார். இந்தியாவில் கற்ற இந்துஸ்தானிதான் இந்தப் பயணத்தில் அவரைத் தவிர்க்க முடியாதவர் ஆக்கியது. வங்காளப் படையில் இருந்த ஸ்பீக்குக்கு அரபியும் தெரியாது, சுவாகிலியும் சரிவரத் தெரியாது. தெரிந்தது அரைகுறை இந்துஸ்தானி மட்டும். விக்டோரியா ஏரியைப் பற்றி ஸ்பீக் கேட்டறிந்ததெல்லாம் உள்ளூர் மொழியிலிருந்து பாம்பேயின் இந்துஸ்தானிக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலக் குறிப்பேட்டுக்குப் போனது. பம்பாய்ப் படையில் இருந்து பல மொழிகளில் தேர்ந்த பர்ட்டன், இத்தனை கைமாறிய செய்தியை ஐயுற்றது இயல்புதான்.

படத்தில் பயணக்குழுவோடு வரும் ஆப்பிரிக்கத் துணைவர் மப்ரூக்கி வழியிலேயே இறந்துபோகிறார். அதே பெயருள்ள உண்மை மனிதர் இந்தப் பயணத்துக்குப் பிறகும் வாழ்ந்து, 1871இல் ஸ்டான்லியுடனும் நடந்தவர். பாம்பேயோ 1860–63இல் ஸ்பீக்குடனும், பின்னர் ஸ்டான்லியுடனும் நடந்தார். ஆங்கிலேய ஆய்வுப் பயணி கேமரனுடன் 1875இல் அட்லாண்டிக் கரைவரை சென்று கண்டத்தையே கடந்தார். புவியியல் கழகம் அவருக்கு வெள்ளிப் பதக்கம் அளித்தது. 1885இல் இறந்தார். ஆப்பிரிக்க ஆய்வுப் பயணங்களில் இவரளவு தூரம் நடந்தவர் மிகச் சிலரே. இவரை மையமாக வைத்து ஒரு படம் வந்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

ஜூன் 15, இரவு 11.00

ஸ்பீக்கின் சாவு தற்கொலைதான் என்று உறுதியாக எழுதியவருக்கு.

இரண்டாம் பயணத்தில், 1862 ஜூலை 28இல், விக்டோரியா ஏரியிலிருந்து நைல் ஆறு வெளியேறுவதை ஸ்பீக் ரிப்பன் அருவியில் கண்டார். ஆனால் அங்கிருந்து ஆற்றை முழுக்கத் தொடர்ந்து வரவில்லை. ஐயத்துக்கு இடம் விட்டார். 1864 செப்டம்பர் 16இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஸ்பீக்கும் பர்ட்டனும் நேருக்கு நேர் வாதிட ஏற்பாடாயிற்று. முந்தைய நாள் கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டும் பேசவில்லை. ஸ்பீக் இடையிலேயே எழுந்து சென்று, நெஸ்டன் பார்க்கில் உறவினரோடு கவுதாரி வேட்டைக்குப் போனார். மாலை நான்கு மணியளவில், தாழ்ந்த கற்சுவர் ஒன்றின் மேல் ஏறுகையில் அவருடைய துப்பாக்கியே வெடித்தது. இடது அக்குளுக்குக் கீழே குண்டு பாய்ந்திருந்தது. தன்னைச் சுட்டுக்கொள்ள நினைப்பவர் அந்த இடத்தையும் அந்தக் கோணத்தையும் தேர்ந்தெடுப்பது கடினம். துப்பாக்கியைக் குழாய்ப்பக்கம் பிடித்து மேலே இழுத்தால் இப்படித்தான் பாயும். விசாரணையும் விபத்து என்றே முடிந்தது. மனம் கலங்கியிருந்தவரின் கை கவனம் தவறியது என்ற அளவில் பர்ட்டனுக்கு அதில் தொடர்பு உண்டு என்றால் ஏற்பேன். அதற்குமேல் சான்று இல்லை.

மறுநாள் கூடிய அவைக்கு வாதம் இல்லை, செய்திதான் வந்தது. பர்ட்டன் மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி நாட்டைப் பற்றிய ஒரு கட்டுரையை நடுங்கும் குரலில் படித்தார். வீட்டில் அவர் பல நாட்கள் அழுததாக மனைவி இசபெல் எழுதியிருக்கிறார்.

ஜூன் 16, காலை 6.30

படத்தைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கட்டாயம் பாருங்கள். ரோஜர் டீக்கின்ஸின் ஒளிப்பதிவு, பேட்ரிக் பெர்ஜினின் பர்ட்டன், ஐயன் கிளெனின் ஸ்பீக், இசபெல்லாக வரும் ஃபியோனா ஷா ஆகியவற்றுக்காகவே பார்க்கலாம். ஸ்பீக்கின் முகத்தில் எப்போதும் தெரியும் அந்தக் கேட்கப்படாத மாணவனின் ஏக்கத்தை ஐயன் கிளென் எங்கிருந்து பிடித்தார் என்று இன்றும் வியக்கிறேன்.

எந்தக் காட்சியைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். 1860 ஏப்ரலில், இரண்டாம் பயணத்துக்குப் புறப்படும் முன் ஸ்பீக் எழுதிய கடிதத்தைச் சேர்ப்பேன். இருவருக்கும் இடையே கடிதங்கள் அதற்குள் 'ஐயா' என்று தொடங்கும் அளவுக்கு வறண்டுவிட்டன. ஸ்பீக் 'என் அன்புள்ள பர்ட்டன்' என்று தொடங்கி, இவ்வளவு குளிர்ந்த சொற்களோடு இங்கிலாந்தை விட்டுச் செல்ல மனமில்லை என்று எழுதினார். பர்ட்டன் பணத்தைப் பற்றிய பதிலைக் கொடுத்துவிட்டு, வேறு எந்தத் தொனியும் தமக்கு மிகவும் வெறுப்பாக இருக்கும் என்று மறுத்துவிட்டார். அப்போது ஆலிஃபன்ட் எதையும் ஓதவில்லை; அது பர்ட்டனின் சொந்த முடிவு.

படித்துப் பார்க்க விரும்புவோர் பர்ட்டனின் 1860ஆம் ஆண்டு நூலையும் ஸ்பீக்கின் 1864ஆம் ஆண்டு நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒரே கூடாரத்தில் நடந்ததை இருவரும் எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் கஸே பகுதியிலிருந்து தொடங்கினால் விரைவில் பிடிபடும்.